கேம்பஸா, அஃபிலியேட்டடா?

எங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது தன் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான் என்று சொல்லிவிட்டால் போதும். அப்பா கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைப்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு கேட்பார்: "கேம்பஸா, அஃபிலியேட்டடா?"

அப்பா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சங்கரன்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கூலிக்குத் துண்டு நெய்கிற நாலு விசைத்தறி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் மோட்டார், பெல்ட், பியூஸ் என்று தறியோடு ஒட்டியதுதான். 'அஃபிலியேட்டட்' என்பதை மட்டும் எங்கள் தெருவில் அவர் அளவுக்குச் சுத்தமாகச் சொல்ல ஆள் கிடையாது. சொல்லிக்கொடுத்தது நான்.

இந்தக் கேள்வியின் உள்விவகாரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் சென்னையில் இருக்கிற ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நாற்கர சாலை ஓரத்தில் கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிற கல்லூரியில் படித்தாலும் பட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்துக்குள்ளேயே படிப்பது வேறு. அதுதான் கேம்பஸ். அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தவர்கள் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கிடைத்தது.

இடம் கிடைத்த செய்தி தெருவில் பரவிய அன்று எதிர்வீட்டு அத்தை கை நிறைய மிட்டாயோடு வந்தாள். அவள் மகன் அப்போது பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, "எங்க வீட்டுப் பயலும் உங்க யுனிவர்சிட்டிதான் மக்கா. இனி ரெண்டு பேரும் ஒண்ணு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எங்கே, அவன் எங்கே? அவள் படியிறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இறங்கியதும் அப்பாவுக்கு வகுப்பெடுத்தேன்.

"அப்ப அவன் படிக்குறது அந்த யுனிவர்சிட்டி இல்லியா?" என்றார் அப்பா.

"பேரு மட்டும்தான்ப்பா. எல்லாத்துக்கும் அந்தப் பேருதான் போடுவாங்க. அதைப் பாத்து ஏமாந்துரக் கூடாது."

ஏமாறுவது என்ற வார்த்தை அப்பாவிடம் நன்றாக வேலை செய்யும். சுத்தப் பருத்தி என்று லேபிள் ஒட்டிய கலப்பு நூலை வாங்கி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். அந்த நூலில் நெய்த துண்டு அத்தனையும் திரும்பி வந்தது. அதிலிருந்து லேபிளைப் பார்க்க மாட்டார், நூலைப் பிரித்துத் திரித்துப் பார்ப்பார். நான் சொன்னது அவருக்கு அப்படியே புரிந்துவிட்டது. லேபிள் ஒன்றுதான், நூல் வேறு. "அது எப்படிம்மா கண்டுபிடிக்குறது?" என்று கேட்டார். கேம்பஸா, அஃபிலியேட்டடா என்று கேட்டால் தெரிந்துவிடும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இனி, அவரிடம் நான் சொல்லாத பாதி.

நான் படித்தது அரசுப் பெண்கள் பள்ளியில். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்குகிற இடங்களில் ஒன்றில்தான் உள்ளே போனேன். கட்டணம் முழுவதும் அரசாங்கமே கட்டியது. அது ஏழரை சதவீத ஒதுக்கீடு. விடுதிக்குப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அங்கே யாரும் கேம்பஸா என்று கேட்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கேம்பஸ்தானே. அங்கே கேள்வி வேறு. எந்த ஸ்கூல்? கட்-ஆஃப் எவ்வளவு? எங்கள் ஊரில் தெருவைக் கேட்டு ஆளை எடைபோடுவதுபோல அங்கே கட்-ஆஃப்.

என் அறைத்தோழி சென்னைப் பெண். கெட்டவள் இல்லை. என் பள்ளியின் பெயரைச் சொன்னதும் முகம் மலர, "ஓ, செவன் பாயிண்ட் ஃபைவா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் எதைச் சொன்னாலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கணக்கென்றாலும் சரி, வாஷிங் மெஷின் என்றாலும் சரி, காது மந்தமானவர்களிடம் பேசுகிற வேகத்தில். அந்த ஒதுக்கீட்டில் வந்தவர்களைப் பையன்கள் 'ஏழரை' என்றார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தியை கேண்டீனில் வைத்து, "ஏழரை வருது, தள்ளுங்கடா" என்று ஒருவன் சொன்னபோது மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நானும் அதுதான் என்று அந்த மேஜைக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அவள் என்னைப் பார்த்தாள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இரண்டாம் பருவத்திலிருந்து என் பள்ளியின் பெயரில் 'அரசு' என்பதை விட்டுவிட்டேன். கட்-ஆஃபைக் கூட்டிச் சொன்னேன். ஊரில் அப்பா, "எம் பிள்ளைக்கு கவர்மெண்டே ஃபீஸ் கட்டுது, சும்மாவா" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா மூலம் தெரிந்ததும் போன் போட்டு, அதை வெளியே சொல்லக் கூடாது, அப்படி ஒரு ரூல் இருக்கிறது என்றேன். ரூல் என்றால் அப்பாவுக்குப் பயம். உடனே வாயை மூடிக்கொண்டார். ஆக, எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதையும் நானே அவருக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.

அவர் நல்ல மாணவர். டீக்கடை, சலூன், நூல் கடை என்று ஓர் இடம் விடாமல் அந்தக் கேள்வியைக் கேட்டார். பெரியப்பா மகன் கல்யாணப் பத்திரிகையில், தங்கள் வரவை விரும்பும் சொந்தங்களின் வரிசையில், என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று மட்டும் போட்டால் போதாது என்று பெரியப்பாவோடு சண்டை பிடித்து, 'மெயின் கேம்பஸ், சென்னை' என்று சேர்த்து அச்சடிக்க வைத்தார். அந்த வரி மட்டும் மற்ற வரிகளைவிட நீளமாகப் போய் ஓரத்துப் பிள்ளையார் படத்தை இடித்துக்கொண்டு நின்றது. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். விடுதியில் யாருக்கும் காட்டவில்லை, காட்டினால் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். எதிர்வீட்டு அத்தை எங்கள் வீட்டுக்கு வருவது நின்றிருந்தது. அவள் மகனிடமும் அப்பா கேட்டிருக்கிறார்.

படிப்பு முடிந்து சென்னையிலேயே வேலை கிடைத்தது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது செங்கோட்டை ரயிலில் எதிர் இருக்கையில் ஒருவர். புளியங்குடிக்காரர். அவருடைய அப்பாவுக்கு எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை. அவருக்கும் சென்னையில்தான் வேலை, அவரும் சங்கரன்கோவிலில் இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா, வீட்டு வியாதி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியின் பெயரைச் சொன்னார். பெட்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னதும், "அடேயப்பா, நல்ல காலேஜ்லா! நானும் அதுக்குத்தான் ஆசைப்பட்டேன், மார்க் பத்தல" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலையை உரித்து என் பக்கம் நீட்டினார்.

மார்க் பத்தவில்லை என்பதை ஒருவர் இவ்வளவு லேசாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். அதன்பிறகு ஒரு வருடம் சென்னையில் பார்த்துக்கொண்டோம், பேசிக்கொண்டோம். எங்கள் ஆட்கள்தான், தூரத்துச் சொந்தம்கூட. வீட்டில் சொன்னால் பெரிதாக எதிர்ப்பு இருக்காது. சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்கன படிச்சிருக்காரு?"

அவர் கல்லூரியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"நம்ம யுனிவர்சிட்டிதான்ப்பா."

பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டத்தில் அதுதானே இருக்கிறது. எதிர்வீட்டு அத்தை வெள்ளை மனதோடு சொன்னதை நான் கள்ள மனதோடு சொன்னேன், அதுதான் வித்தியாசம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவரை எனக்கு உயிராகப் பிடித்திருந்தது, அவர் கல்லூரியை நினைத்தால் அவமானமாக இருந்தது. இரண்டும் ஒரே மனதுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. 'நம்ம' என்று நான் சொன்னதை அப்பா கேம்பஸ் என்றே எடுத்துக்கொண்டார். மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கச் செய்தி: மாப்பிள்ளையும் கேம்பஸ்.

பெண் பார்க்க அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர், அவருடைய அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. எங்கள் பக்கம் பெரியப்பா குடும்பமும் தெருவில் நாலு பேரும். அவர் அம்மா புளியங்குடியிலிருந்தே மல்லிகைப்பூ தொடுத்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். உள்ளறைக்கு வந்து அவரே என் தலையில் வைத்துவிட்டார். "சின்னதா வச்சா உனக்கு எடுக்காது" என்று இன்னொரு கண்ணியும் சேர்த்து வைத்தார். நான் காபித் தட்டோடு வெளியே வந்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அம்மா பக்கத்தில் நின்றேன்.

அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். பெரியப்பாவைப் பார்த்து, "மாப்பிள்ளையும் நம்ம பிள்ளை படிச்ச இடம்தான். கேம்பஸ்" என்றார்.

அவருடைய அப்பா தலையாட்டினார். "ஆமா அண்ணாச்சி. அதே யுனிவர்சிட்டிதான். காலேஜ் மட்டும் நம்ம திருநவேலிப் பக்கம்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, நீங்க கேம்பஸா, அஃபிலியேட்டடா?"

"அஃபிலியேட்டட்தான் மாமா" என்றார் அவர். ரயிலில் சொன்ன அதே குரல்.

பெரியப்பா எதையோ மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அப்பா முகம் சுருங்கியது. "பின்ன ஏன் அதே யுனிவர்சிட்டின்னு சொன்னிய?"

அவர் அம்மாதான் பதில் சொன்னார். "சர்டிபிகேட்ல அந்தப் பேருதான அண்ணாச்சி போட்டிருக்கு? பிரேம் போட்டு வீட்டுல மாட்டிருக்கோமே."

அப்பா சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, விவரம் தெரியாதவருக்கு விளக்குகிற சிரிப்பு. அதுதான் மோசம். "எல்லாத்துக்கும் அந்தப் பேருதான்மா போடுவாங்க. பேரு மட்டும்தான். அதைப் பாத்து ஏமாந்துரக் கூடாது."

என் வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. நான் அன்றைக்கு அவரிடம் சொன்ன அதே இழுவையோடு அவர் வாயிலிருந்து அந்த அம்மாவின் முகத்தில் போய் விழுந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அப்பாவின் வாயால் கெட்டேன்.

அப்பா அதோடு விடவில்லை. அவர் பக்கம் திரும்பி, "எங்களை விடுங்க, சின்னப்பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லி வைக்கலாமா மாப்பிள்ளை? அவ பாவம், உங்களையும் கேம்பஸுன்னு நம்பிட்டு இருக்கா" என்றார்.

நான் பேச வேண்டிய இடம் அதுதான். 'அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்' என்று ஒரு வரி. அவர் என்னைப் பார்த்தார். ஒரே தடவைதான். என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது, அதை நான் கண்ணால் கண்டேன். நான் தலையைக் குனிந்து காலிக் காபித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"போயிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்தார்கள். தட்டில் கேசரி அப்படியே இருந்தது.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வேளை மக்கா. உன்னைய நல்லா ஏமாத்தப் பாத்திருக்கானுவ." என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில். "அப்பா, அவர் பொய் சொல்லலப்பா" என்று ஆரம்பித்தேன். "பின்ன யாரு சொன்னா?" என்று கேட்டார். நான் பூவை எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். கோழை.

சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். எடுத்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

"நான் முத நாளே சொன்னேன்லா, எங்க படிச்சேன்னு" என்றார்.

"ஆமா."

"நான் மறைச்சேன்னு உங்க வீட்டுல நினைக்காங்க."

"ஆமா."

பிறகு சொன்னார்: "ரெண்டும் வேறன்னு எங்கம்மாவுக்கு இன்னைக்குத்தான் தெரியும். எம் பையன் மெட்ராஸ்ல உள்ள பெரிய யுனிவர்சிட்டி இன்ஜினியருன்னு மார்க்கெட்டுல எல்லார்ட்டயும் சொல்லுவாங்க. அவுகளுக்குச் சந்தோஷம், நம்ம எதுக்குக் கெடுப்பானேன்னு நான் விட்டுட்டேன். வந்ததும் வராததுமா பிரேமைக் கழட்டி பீரோ மேல போட்டுட்டாங்க. நான் கேட்டதுக்கு, நாலு பேரு வந்து பாத்தா சிரிப்பாங்கல்லான்னு சொல்லுதாங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. ஒரு கண்ணி பூவை அதிகமாக வைத்துவிட்டவர். அவர் வருடக்கணக்காக வைத்திருந்த சந்தோஷத்தை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் பிடுங்கி எறிந்துவிட்டோம்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவிடம் தோழி வீட்டுக்கு என்று சொல்லி, புளியங்குடி பஸ் ஏறினேன். அவர் இன்னும் சென்னைக்குக் கிளம்பவில்லை, அவருடைய அப்பாவோடு மார்க்கெட்டில் இருந்தார். அந்த அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் திகைத்தார், ஆனாலும் "வா" என்றார். முன்னறைச் சுவரில் பிரேம் இருந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ள சுண்ணாம்பைவிட வெளுத்துத் தெரிந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோனது. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, என் அப்பாவிடம் அப்படிச் சொன்னது நான்தான் என்றேன். பிறகு அவர் கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். கேம்பஸில் என்னை எப்படிக் கேட்டார்கள், நான் எப்படிப் பள்ளிக்கூடத்தின் பெயரையே வெட்டினேன், தர்மபுரிப் பெண், எல்லாம். அம்மாவிடம்கூடச் சொல்லாதவை.

கடைசிவரை கேட்டார். "இதை நேத்தே உங்க வீட்டுல வச்சுச் சொல்லிருக்கலாம்லா?"

"பயமா இருந்துச்சு அத்தை."

"பயமா, வெக்கமா?"

நான் பிரேம் இருந்த இடத்தைப் பார்த்தேன்.

"எம் பையனை நினைச்சா உனக்கு வெக்கமா இருக்கா மக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "குடி. குடிச்சுட்டு வீட்டுக்குப் போயி உங்கப்பாகிட்ட சொல்லு. எங்கிட்ட வந்து அழுது என்ன செய்ய? எம் பையன் கெட்ட பேரு வாங்கினது உங்க வீட்டுலல்லா."

வீட்டுக்கு வந்தபோது அப்பா கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. சொல்லிவிட்டு, கேட்கவில்லை என்றால் நல்லது என்றுகூட நினைத்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். எல்லாம் நின்றபின் காது அடைத்தது. சொன்னேன். மாப்பிள்ளை விஷயத்தில் தொடங்கி, ஏழரை வரைக்கும் போய், ஃபீஸ் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு ரூலே கிடையாது என்பதையும் சொன்னேன்.

அப்பா தறியில் விரிந்திருந்த பாவு நூலின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அங்கன உன்னைய அப்படியா கேட்டாக?"

"ஆமாப்பா."

"அது வலிச்சுதா?"

"ஆமா."

"வலிச்சதைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தியா?"

அவர் கோபப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யார் யாரையெல்லாம் தான் அப்படிக் கேட்டோம் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வருவது அவர் முகத்தில் தெரிந்தது. அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை. கடன்காரன் முன்னால்கூட நிமிர்ந்து நிற்பவர்.

"நேத்து அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் உன் பக்கம்லா திரும்பிருப்பேன்" என்றார் கடைசியில். "அவன் உன்னையக் காட்டிக் கொடுக்கல. நீ அவனைக் காட்டிக் கொடுத்துட்டு நின்னுருக்க." சட்டையை மாட்டிக்கொண்டார். "கிளம்பு. நான் பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேக்குதேன். உன்னோடதை நீ சொல்லு."

ஒரே நாளில் இரண்டாவது முறை புளியங்குடி. இந்த முறை எல்லோரும் இருந்தார்கள். அப்பா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, "எம் பிள்ளையை எவனோ கேட்ட கேள்வியை நான் உங்க பிள்ளையைக் கேட்டுட்டேன்மா. மன்னிச்சுக்கிடணும்" என்றார். அவர் அப்பா பதறி எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா, "உக்காருங்க அண்ணாச்சி, முதல்ல உக்காருங்க" என்றார்.

என் முறை வந்தது. அவரைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க எங்க படிச்சீங்கன்னு நான்தான் வீட்டுல மறைச்சேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்போ, அப்படி வெக்கப்பட்டதுதான் வெக்கமா இருக்கு." அவர் கல்லூரியின் பெயரை முழுதாக, எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரியவர்கள் முகத்தில் இறுக்கம் விட்டது. அவருடைய சித்தப்பா, நடந்தது நடந்துபோச்சு, மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்ப்போம் என்றார். அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. ரயிலில் மார்க் பத்தவில்லை என்று சொன்ன அதே நேர்மையான முகம்.

"உங்க வீட்டுல சொல்லிட்டிய, சந்தோஷம்" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். உங்ககூட கேம்பஸ்ல படிச்சவங்க கல்யாணத்துக்கு வருவாங்கல்லா. மாப்பிள்ளை எங்க படிச்சாருன்னு கேப்பாங்க. அப்ப இதே மாதிரி எங்க காலேஜ் பேரைச் சொல்லுவியளா?"

என் அறைத்தோழியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கேண்டீன் மேஜையில் சிரித்த முகங்கள் வந்தன.

"சொல்லுவேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தேன், யோசித்ததை அவர் பார்த்துவிட்டார்.